ரெஜிஸ்ட்ரிக்குள் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி?

மென்பொருள் ஒன்றைக் கணினியிலிருந்து நீக்கி மாதம் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் எந்தக் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்தாலும் அதன் பெயர் மெனுவில் வந்து நிற்கிறது. அதை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, அல்லது ஏதோ பிழைச் செய்தி வருகிறது. அது இருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் காலி. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார், வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது. அந்தப் பலகை மாட்டியிருக்கும் சுவர்தான் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி.

அந்தச் சுவரில் பலகை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ரெக்ஸ்கேனர் (RegScanner) என்ற இலவசக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ரெஜிஸ்ட்ரியை இதுவரை திறந்தே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கருவியை ஓட்டுவது 5 நிமிட வேலை. அது கொட்டித் தரும் பட்டியலை வாசிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

முதலில், எதற்குள் தேடுகிறோம்?

ஆதி விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளை 'ஐஎன்ஐ' என்ற சின்னச் சின்ன உரைக் கோப்புகளில் எழுதி வைத்துக்கொண்டது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ரெஜிஸ்ட்ரி தலைகாட்டியது. விண்டோஸ் 95க்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லா அமைப்புகளும் அதற்குள் குடியேறிவிட்டன. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், கணினி தொடங்கும்போது எவையெல்லாம் தானாக ஓட வேண்டும், ரைட் கிளிக் மெனுவில் என்ன வர வேண்டும் என எல்லாமே அங்கேதான்.

மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'கீ' என்பது ஃபோல்டர் மாதிரி. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். கீக்குள் 'வேல்யூ'க்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது 'டேட்டா'. தேடும்போது கீயின் பெயரிலா, வேல்யூவின் பெயரிலா, டேட்டாவிலா என்று கருவி கேட்கும். இந்த மூன்றும் புரிந்திருந்தால் போதும்.

மேல் மட்டத்தில் ஐந்து கிளைகள் தெரியும். அவற்றில் இரண்டுதான் அடித்தளம்: 'லோக்கல் மெஷின்' கணினி முழுமைக்கும் பொதுவானது, 'யூசர்ஸ்' பயனர்களுக்கானது. மற்ற மூன்றான 'கரன்ட் யூசர்', 'கிளாசஸ் ரூட்', 'கரன்ட் கான்ஃபிக்' எல்லாம் இந்த இரண்டின் சில பகுதிகளை வேறு பெயரில் காட்டும் ஜன்னல்கள். இது வெறும் தகவலாகத் தோன்றலாம். முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது இது ஏன் முக்கியம் என்பது தெரியும்.

விண்டோஸிலேயே ரெஜ்எடிட் இருக்கிறதே?

இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் விண்டோஸோடு வரும் கருவி அது. கன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தினால் தேடவும் செய்யும். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் அங்கேயே நின்றுவிடும். அடுத்ததற்கு எஃப்3 அழுத்த வேண்டும், திரும்ப எஃப்3, திரும்ப எஃப்3. மொத்தம் எத்தனை இருக்கின்றன என்பது கடைசி வரை போனால்தான் தெரியும். பத்தாவதைப் பார்க்கும்போது மூன்றாவது எங்கே இருந்தது என்பது மறந்திருக்கும். ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் ரெஜ்எடிட் போதும். 'எங்கெங்கே இருக்கிறது' என்பதுதான் கேள்வி என்றால் அது சரிப்படாது.

ரெக்ஸ்கேனர், கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக முன்னால் வைக்கிறது. கீயின் பாதை, வேல்யூவின் பெயர், வகை, டேட்டா, அந்தக் கீ கடைசியாக மாறிய நேரம் எல்லாம் தனித்தனி நெடுவரிசைகளில் வரும். ஒரு வரியை டபுள் கிளிக் செய்தால் ரெஜ்எடிட் திறந்து நேராக அந்த இடத்துக்கே போய் நிற்கும். நிர் சோஃபர் என்பவர் நிர்சாஃப்ட் என்ற தளத்தில் தரும் பல சின்னக் கருவிகளில் இதுவும் ஒன்று.

இறக்கி, திறந்து வைத்தல்

நிர்சாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதே பெயரில் வேறு தளங்கள் தரும் தொகுப்புகளில் கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வரக்கூடும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால், 64 பிட் பதிப்பையே எடுங்கள். 32 பிட் மென்பொருள்களுக்கு ரெஜிஸ்ட்ரியின் சில பகுதிகளை விண்டோஸ் வேறு இடத்துக்குத் திருப்பிக் காட்டும். அதனால் தவறான பதிப்பை ஓட்டினால், இருப்பதையே இல்லை என்று நம்பிவிடுவீர்கள்.

ஜிப் கோப்பை ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கும் இயக்கக் கோப்பைத் திறந்தால் போதும். நிறுவல் எதுவும் தேவையில்லை. ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால், சாதாரணமாக எட்டாத சில கீக்களும் தெரியும். அப்போதும் 'சாம்', 'செக்யூரிட்டி' என்ற இரண்டு பகுதிகள் பூட்டியே இருக்கும். அவை விண்டோஸின் சிஸ்டம் கணக்குக்கு மட்டுமே திறக்கும். நமக்கு அங்கே வேலையும் இல்லை.

தேடுவது மட்டும் எதையும் மாற்றாது. பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள். கவனம் வேண்டியது அதற்குப் பிறகு.

முதல் தேடல்

கருவியைத் திறந்தால் தேடல் அமைப்புகளுக்கான ஜன்னலைப் பார்ப்பீர்கள். அதில் குழம்பும் அளவுக்கு விருப்பங்கள் இருக்கும். முதல் தடவைக்கு நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

தேட வேண்டிய சொல் முதலாவது. மென்பொருளின் பெயரை, அதன் ஃபோல்டர் பெயரில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பெயர் எவ்வளவு தனித்துவமானதோ அவ்வளவு நல்லது. சின்னச் சொல்லைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. 'ஸ்னாப்' என்று தொடங்கும் பெயருள்ள, கணினித் திரையைப் படம் பிடிக்கும் ஒரு கருவியின் மிச்சங்களைத் தேடி, வெறும் 'ஸ்னாப்' என்று கொடுத்தேன். 'ஸ்னாப்ஷாட்' என்ற சொல் வரும் விண்டோஸின் சொந்த வரிகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அத்தனையும் அந்தக் கருவியின் குப்பை என்று நினைத்து அழித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்தது, பொருந்தும் விதம். 'கன்டெய்ன்ஸ்' என்றால் அந்தச் சொல் நடுவில் எங்கே வந்தாலும் பிடிக்கும். முழுவதும் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்றும் கேட்கலாம். தொடக்கத்தில் 'கன்டெய்ன்ஸ்' போதும். முடிவுகள் அதிகமானால் சொல்லை நீளமாக்குங்கள். அமைப்புகளை நோண்ட வேண்டாம்.

மூன்றாவது, எங்கே தேட வேண்டும் என்பது. கீ, வேல்யூ, டேட்டா மூன்றையும் டிக் செய்யுங்கள். ஒரு மென்பொருளின் பாதை பெரும்பாலும் டேட்டாவில்தான் இருக்கும். அதன் பெயர் கீயில் இருக்கும். ஒன்றை விட்டால் பாதியை விட்டதாகிவிடும்.

கடைசியாக, எந்தக் கிளையில் என்பது. முழு ரெஜிஸ்ட்ரியையும் தேடினால் கொஞ்சம் நேரம் எடுக்கும். சந்தேகம் ஒரு கிளையின் மீது மட்டும்தான் என்றால் அதை மட்டும் குறிக்கலாம்.

தேடலைத் தொடங்குங்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே போகும்.

நாற்பது வரி வந்தால் நாற்பது இடம் என்று அர்த்தமில்லை

புதிதாக வருபவர்கள் மிரண்டுபோகும் இடம் இது. மாதம் முன்பே நீக்கிய மென்பொருளுக்கு இவ்வளவு மிச்சமா?

மேலே சொன்ன ஜன்னல்களை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'கரன்ட் யூசர்' என்பது 'யூசர்ஸ்' கிளைக்குள் உங்கள் கணக்குக்கான கீயின் இன்னொரு பெயர். ஆகவே உங்கள் அமைப்பு ஒன்று இரண்டு இடங்களிலும் தெரியும். 'யூசர்ஸ்' பக்கம் 'எஸ்-1-5-21' என்று தொடங்கி நீண்ட எண்ணாக வரும் கீதான் உங்கள் கணக்கு. 'கிளாசஸ் ரூட்' என்பது 'லோக்கல் மெஷின்' கிளையின் 'கிளாசஸ்' பகுதியையும், உங்கள் கணக்கின் 'கிளாசஸ்' பகுதியையும் ஒன்றாக்கிக் காட்டுவது. அதனால் அங்கேயும் இரட்டிப்பு. 'சிஸ்டம்' பகுதியில் 'கரன்ட்கன்ட்ரோல்செட்', 'கன்ட்ரோல்செட்001' இரண்டும் பொதுவாக ஒன்றேதான். முன்னது பின்னதைச் சுட்டும் இணைப்பு. ஆகவே ஒரே வரி இரண்டு, மூன்று தடவை வரலாம். ஒரு இடத்தில் மாற்றினால் மற்ற இடத்திலும் தானாக மாறிவிடும். இதையெல்லாம் கழித்தால் நாற்பது என்பது பத்து, பதினைந்தாகச் சுருங்கிவிடும்.

அந்தப் பதினைந்திலும் பாதி வெறும் காலடித் தடம். 'மியூஐகேச்' என்று பாதையில் வந்தால், நீங்கள் எப்போதோ ஓட்டிய மென்பொருளின் பெயரை விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'ரீசென்ட்டாக்ஸ்' என்றால் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல். இவற்றால் கணினி மெதுவாவதும் இல்லை, அழிப்பதால் வேகமாவதும் இல்லை. விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் துடைத்துச் சுத்தமாக்கினால் கணினி பறக்கும் என்று விளம்பரம் செய்யும் கருவிகள் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. சில கிலோபைட் குப்பைக்காக வேரில் கை வைப்பது லாபமான வியாபாரம் அல்ல.

கவனிக்க வேண்டியவை வேறு. பாதையில் 'ஷெல்' என்று வந்து, அதற்குள் 'கமாண்ட்' என்று முடிந்தால் அது ரைட் கிளிக் மெனு. 'கரன்ட்வெர்ஷன்' கீக்குள் 'ரன்' என்று முடிந்தால் அது கணினியில் நீங்கள் நுழையும்போது தானாக ஓடும் பட்டியல். அதே இடத்தில் 'அன்இன்ஸ்டால்' என்று வந்தால், நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் பேய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் வரிக்கான காரணம் அது. 'வாவ்6432நோட்' என்று நடுவில் வந்தால் 32 பிட் மென்பொருளின் இடம்.

பெயரில் கிடைக்காதபோது: இரண்டு கட்டத் தேடல்

சில மெனு வரிகள் 'ஷெல்' கீயில் நேரடியாக இருக்காது. மெனுவில் பெயர் தெரியும். தேடினால் மெனு சம்பந்தப்பட்ட இடத்தில் எதுவும் வராது. காரணம், அங்கே பெயருக்குப் பதிலாக ஓர் அடையாள எண்தான் எழுதப்பட்டிருக்கும். நெளிந்த அடைப்புக்குறிக்குள், 8-4-4-4-12 என ஐந்து தொகுதிகளாக 32 எழுத்தும் எண்ணும் கலந்து வருமே, அதுதான்.

இங்கே இரண்டு தடவை தேட வேண்டும். முதலில் மென்பொருளின் பெயரையோ அதன் ஃபோல்டர் பெயரையோ தேடுங்கள். 'சிஎல்எஸ்ஐடி' என்று பாதையில் வந்து, 'இன்ப்ராக்சர்வர்32' என்று முடியும் வரி ஒன்று கிடைக்கும். அதன் டேட்டாவில் அந்த மென்பொருளின் டிஎல்எல் கோப்பின் பாதை இருக்கும். அந்தக் கீயின் பாதையின் நடுவில் இருக்கும் அடையாள எண்ணை அடைப்புக்குறியோடு நகலெடுங்கள். இப்போது அந்த எண்ணையே தேடுங்கள். 'கான்டெக்ஸ்ட்மெனுஹேண்ட்லர்ஸ்' என்ற கீக்குள் அது அகப்படும். மெனுவில் பெயர் வரக் காரணமான இடம் அதுதான். பெயரை மட்டும் தேடிவிட்டு 'ரெஜிஸ்ட்ரியில் ஒன்றுமில்லை' என்று கையை விரிப்பவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான்.

இருந்தும் அகப்படாத வேறு சில

பாதைகள் எப்போதும் முழுசாக எழுதப்பட்டிருக்காது. சில இடங்களில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'ப்ரோக்ராம்ஃபைல்ஸ்' என்று, உண்மையான ஃபோல்டர் பாதைக்குப் பதிலாக நிற்கும் மாறியாக இருக்கும். சில பழைய மென்பொருள்கள் 'ப்ரோக்ரா' என ஆறு எழுத்தோடு நிறுத்தி, ஓர் அலைக்குறியும் 1 என்ற எண்ணும் போட்டுச் சுருக்கி எழுதியிருக்கும். முழுப் பாதையை ஒட்டித் தேடினால் இரண்டும் தப்பிவிடும். பாதையின் கடைசித் துண்டை, அதாவது இயக்கக் கோப்பின் பெயரை மட்டும் தேடினால் பெரும்பாலும் பிடிபடும்.

எண்களாகச் சேமிக்கப்பட்டவற்றைச் சொல்லாகத் தேட முடியாது. 'டிவேர்ட்' வகை 32 பிட் எண். ரெஜ்எடிட் அதைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டிவிட்டு, பக்கத்தில்தான் சாதாரண எண்ணைக் காட்டும். இத்தகைய எண்களைத் தேட ரெக்ஸ்கேனரில் தனி விருப்பம் உண்டு.

'யூசர்அசிஸ்ட்' என்ற கீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எந்தெந்த மென்பொருளை ஓட்டினீர்கள் என்பதை விண்டோஸ் அதில் குறித்து வைக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதுகிறது! பள்ளிப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் அனுப்பிக்கொள்ளும் ரகசியக் கடித முறை. ரகசியத்துக்காக என்றால் இது எந்த மூலைக்கும் போதாது. ஆனால் பெயரைத் தேடினால் அகப்படாமல் இருக்க இது போதும்.

அதே கணினியில் வேறொருவருக்குத் தனிக் கணக்கு இருந்து, அவர் இப்போது உள்ளே நுழைந்திருக்கவில்லை என்றால், அவருடைய பகுதி ரெஜிஸ்ட்ரியில் ஏற்றப்பட்டே இருக்காது. அவர் கணக்கின் மூல ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'என்டியூசர்' கோப்பில்தான் அது தூங்கும். சிக்கல் அவர் கணக்கில் என்றால், அவர் கணக்கில் நுழைந்துதான் தேட வேண்டும்.

சொல்லே தெரியாமல், நேரத்தை வைத்துத் தேடுதல்

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. ஒரு மென்பொருளின் அமைப்புகளில் ஒரு டிக்கை எடுக்கிறீர்கள். அது ரெஜிஸ்ட்ரியில் எங்கே எழுதப்படுகிறது என்று தெரிய வேண்டும். என்ன சொல்லைத் தேடுவது?

சொல்லே வேண்டாம். ஒவ்வொரு கீயும் தான் கடைசியாக மாறிய நேரத்தை வைத்திருக்கிறது. ரெஜ்எடிட் அதைத் திரையில் காட்டுவதில்லை. ரெக்ஸ்கேனர் காட்டும், நேர வரம்பு கொடுத்தும் தேடும். மணி பார்த்துக்கொண்டு டிக்கை மாற்றுங்கள்; உடனே அந்தச் சில நிமிடங்களுக்குள் மாறிய கீக்களை மட்டும் கேளுங்கள். விண்டோஸ் சும்மா இருக்கும்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால் தொடர்பில்லாத வரிகளும் வரும். மென்பொருளின் பெயர் பாதையில் வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நேரம் கீக்குத்தான் உண்டு, வேல்யூவுக்குத் தனியாகக் கிடையாது. ஒரு கீக்குள் முப்பது வேல்யூ இருந்தால், மாறியது எது என்பதை நீங்கள்தான் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

ரெஜ்எடிட்டில் 'அன்டூ' கிடையாது. அழித்தது அழித்ததுதான். விண்டோஸ் தானாகவே எங்கோ நகல் வைத்திருக்கும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து, 'ரெக்பேக்' ஃபோல்டருக்குள் நகல் எடுக்கும் பழைய வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த ஃபோல்டரைத் திறந்தால் 0 கேபி கோப்புகளைப் பார்க்கலாம்.

ஆகவே முதலில், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் வேண்டிய வரியை டபுள் கிளிக் செய்து ரெஜ்எடிட்டில் அந்தக் கீக்குப் போங்கள். கீயின் மீது ரைட் கிளிக், 'எக்ஸ்போர்ட்', ஒரு பெயர். 'ரெக்' கோப்பு ஒன்று கிடைக்கும். பட்டியலிலிருந்து பல வரிகளைத் தேர்ந்தெடுத்து ரெக்ஸ்கேனரிலிருந்தே ஒரே ரெக் கோப்பாகவும் சேமிக்கலாம். ஆனால் ஒரு முழுக் கீயை அழிக்கப் போகிறீர்கள் என்றால் ரெஜ்எடிட் வழியே நல்லது. தேடலில் சிக்காத வேல்யூக்களும் உட்கீக்களும் சேர்ந்தே வரும்.

ரெக் கோப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் திரும்ப ஏற்றினால் அதில் உள்ளவை ரெஜிஸ்ட்ரியில் சேரும், ஏற்கெனவே இருப்பவற்றின் மேல் எழுதப்படும். இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்த எதையும் அது நீக்காது. அழித்ததை மீட்க அது போதும். தவறாகச் சேர்த்ததைத் துடைக்க உதவாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க டபுள் கிளிக் செய்துவிடாதீர்கள், ஏற்றவா என்று கேட்கும். ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்தால் நோட்பேடில் திறக்கும்.

முதல் தடவை நான் உடனே அழிப்பதில்லை. மெனு வரி என்றால் 'ஷெல்' கீக்குள் இருக்கும் அந்த மென்பொருளின் கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குவேன். மேலே உள்ள 'ஷெல்' கீயை ஒருபோதும் தொட மாட்டேன், அதில் மற்றவர்களும் குடியிருக்கிறார்கள். 'ரன்' பட்டியல் என்றால் கீயை விட்டுவிட்டு, அந்த ஒரு வேல்யூவை மட்டும் நீக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று. நீக்கியதும் கணினியை மறுதொடக்கம் செய்து, ரைட் கிளிக் செய்து பாருங்கள்.

பெயர் போயிருந்தால் வேலை முடிந்தது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பைச் சில வாரம் வைத்திருந்துவிட்டுத் தூக்கிப் போடலாம். போய்விட்டு மறுநாள் திரும்ப வந்து நின்றால், அந்த மென்பொருள் முழுசாகக் கிளம்பவில்லை என்று பொருள்; அதன் சேவையோ தானியங்கிப் புதுப்பிப்புக் கருவியோ பின்னணியில் ஓடி, நீங்கள் நீக்கியதைத் திரும்ப எழுதுகிறது. அப்போது மெனுவை விட்டுவிடுங்கள். அதே பெயரை 'சிஸ்டம்' பகுதியின் 'சர்வீசஸ்' கீக்குள் தேடுங்கள்.